உயிரோடு இருந்தவருக்கு அரைக்கம்பம்

அன்று மதியம் நம் கொடிக்கம்பத்தின் கீழே இருந்தவர்கள்: கிளைத் தலைவர் தனசேகர் அண்ணன், பொருளாளர் ரோஸ்லின் அக்கா, வேலை போய் கம்பெனி கேட்டுக்கு எதிரே இளநீர் விற்றுக்கொண்டிருந்த விநாயகம் அண்ணன், ஏ ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்த ஐம்பது அறுபது பேர், வழக்குச் செயலாளரான நான். இல்லாதவர்கள்: பி ஷிஃப்ட்டுக்கு உள்ளே போய்விட்ட துணைத் தலைவர், போனை அணைத்துவிட்டு கோர்ட்டில் நின்றிருந்த எங்கள் வக்கீலம்மா, பிறகு தலைமைச் சங்கத்தின் தலைவர். கடைசியாகச் சொன்னவர் வராததில் எங்களுக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. அவர் இறந்துவிட்டார் என்று நம்பித்தான் எல்லோரும் கூடியிருந்தோம்.

புதிதாக நிர்வாகக் குழுவுக்கு வந்திருக்கும் தோழர்கள், "கோர்ட் விவகாரமெல்லாம் எப்படிப் பார்த்துக்கினீங்க, எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்று கேட்டதால் இதை எழுதுகிறேன். இரண்டு முறை வழக்குச் செயலாளராக இருந்துவிட்டு முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெற்றவன் நான். சட்டப் பிரிவுகளை வக்கீலம்மா சொல்லித் தருவார். அவர் சொல்லித் தராததைத்தான் நான் சொல்ல முடியும்.

எனக்கு இந்தப் பதவி வந்த கதை சின்னது. குழுவில் ஆங்கிலத்தில் டிப்ளமோ படித்தவன் நான் ஒருவன்தான். சேரப்பணஞ்சேரியில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நான்தான். எங்கள் வீட்டில் முத்திரை குத்திய காகிதம் எது வந்தாலும், மின்சார வாரியத்திலிருந்து வந்த அபராத நோட்டீஸாக இருந்தாலும், அம்மா அதை சாமி படத்துக்கு முன்னால் வைத்து விளக்கேற்றிவிட்டுத்தான் என்னிடம் படிக்கக் கொடுப்பார். அப்படி வளர்ந்தவனிடம் உயர் நீதிமன்ற உத்தரவு ஒன்றைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை இனி நீங்களே பார்ப்பீர்கள்.

வழக்கு என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் தலைமைச் சங்கம். அதற்குக் கீழே ஒரகடத்தில் நாம் ஒரு கிளை, மண்ணூரில் ஒரு கிளை, படப்பை ரோட்டில் ஒரு கிளை. நம் கம்பெனியோடு சம்பள ஒப்பந்தம் பேசி முடித்தது நாம். கையெழுத்துப் போடுகிற நேரத்தில், "கிளைக்கு அந்த அதிகாரம் கிடையாது, தலைமைதான் போடும்" என்று சென்னையிலிருந்து ஆள் வந்தது. தனசேகர் அண்ணன் கோபக்காரர். பேரவையைக் கூட்டி, "இனி நாம தனிச் சங்கம்" என்று தீர்மானம் போட்டுவிட்டார். அந்தக் கூட்டத்தில் அவர் தலைமைச் சங்கத் தலைவரைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. தலைமைச் சங்கம் பதிலுக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கிளை எங்களுடையது, சங்கக் கொட்டகை எங்களுடையது, கொடிக்கம்பம் எங்களுடையது என்று வழக்கு.

கம்பெனியின் எச்.ஆர். மேனேஜர் மிக சந்தோஷமாக எங்களுக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். "உங்கள்ல யாரு சங்கம்னு நீங்க முடிவு பண்ணிட்டு வாங்க சார். நாங்க எங்கயும் போயிட மாட்டோம். பேனா ரெடியா வெச்சிருக்கோம்" என்றார்.

அவர் எங்கேயும் போக மாட்டார்தான். ஆனால் விநாயகம் அண்ணனால் காத்திருக்க முடியாது. பெயின்ட் ஷாப்பில் தின்னர் புகையில் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி மயங்கி விழுந்தபோது லைனை நிறுத்தியதற்காக டிஸ்மிஸ் ஆனவர் அவர். பேசி முடித்த ஒப்பந்தத்தில் அவரைத் திரும்ப எடுத்துக்கொள்வதும் ஒரு ஷரத்து. பொங்கலுக்குப் பிறகு இரண்டாவது பெயின்ட் ஷாப் திறக்கப்போகிறது, அனுபவமுள்ள ஆள் வேண்டும், அதனால்தான் கம்பெனி அந்த ஷரத்துக்கே ஒத்துக்கொண்டது. அதற்குள் கையெழுத்து ஆகவில்லையென்றால் ஏஜென்சி ஆட்களை வைத்து இடத்தை நிரப்பிவிடுவார்கள். அப்புறம் அவருக்கு இளநீர் வண்டிதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள்தான் பல நாள் மறந்துபோனோம்.

இப்போது அந்த மதியத்துக்கு வருகிறேன்.

ஏ ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் வாட்ஸப்பில் செய்தி வந்தது. தலைவர் காலமானார். யார் முதலில் போட்டது என்று இன்றுவரை தெரியாது. தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டால் பிஸி. தலைவர் நம்பருக்குப் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். தனசேகர் அண்ணன் கொட்டகை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மொத மொத ஸ்ட்ரைக்குல, மழையில, தார்ப்பாய்க்குக் கீழ எங்க கூடவே படுத்துக்கினு இருந்தாருடா. அந்த மனுசனை நான் இன்னா பேச்சு பேசிட்டேன்" என்று அழுதார்.

ரோஸ்லின் அக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். "நீ பேசினதை அவர் கேட்டிருக்க மாட்டாரு, வுடு" என்றார்.

"இல்லக்கா. மண்ணூர்க்காரன் வீடியோ எடுத்து அனுப்பினான்."

கேஸ் நடக்கிறதே, நாம் கொடியை இறக்கலாமா என்று ஒருவர் கேட்டார். அண்ணன் அவரை முறைத்த முறைப்பில் பேச்சு முடிந்தது. முறைப்படி கொடியை உச்சி வரை ஏற்றி, பாதிக் கம்பத்துக்கு இறக்கி, கயிற்றைக் கட்டினோம். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு மௌன அஞ்சலிக்கு நின்றோம்.

அந்த மௌனத்துக்கு நடுவில்தான் அமீனா வந்தார். கோர்ட் உத்தரவைக் கொண்டுவந்து கையில் கொடுக்கிற ஊழியரைத்தான் அப்படிச் சொல்வார்கள். நல்ல மனிதர். கூட்டம் தலை குனிந்து நிற்பதைப் பார்த்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டையும் செருப்பையும் கழற்றிவிட்டு, உத்தரவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவரும் நின்றார். அவரோடு மண்ணூர் கிளையைச் சேர்ந்த ஞானப்பிரகாசம் அண்ணன் வந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தலைமைக்கு விசுவாசமானவர், இடத்தை அடையாளம் காட்ட அனுப்பப்பட்டவர். அவரும் நின்றார். பிரதிவாதிகளும், வாதியின் ஆளும், நீதிமன்ற ஊழியரும் ஒரே வரிசையில் வெறுங்காலோடு நின்ற காட்சியை அதற்குப் பிறகு நான் எங்கும் பார்க்கவில்லை.

மௌனம் முடிந்ததும் அமீனா தயங்கித் தயங்கி தனசேகர் அண்ணனிடம் வந்தார். "இந்த நேரத்துல இதைக் குடுக்கறதுக்கு மன்னிக்கணும். யாருங்க தவறினது?"

"எங்க தலைமைச் சங்கத் தலைவரு."

அமீனா உத்தரவைப் புரட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "கேஸ் போட்டிருக்கறதே அவருதாங்களே."

உத்தரவை வாங்கி நான் சத்தமாகப் படித்தேன். கொட்டகை, கொடிக்கம்பம், கொடி, பெயர்ப்பலகை ஆகியவை இன்று எந்த நிலையில் உள்ளனவோ அந்த நிலையிலேயே, மறு உத்தரவு வரும்வரை இரு தரப்பாரும் தொடரவேண்டும். நாங்கள் பெயரை அழித்துப் புதுக் கொடி ஏற்றிவிடுவோம் என்று பயந்து தலைமைச் சங்கம் கேட்டு வாங்கிய உத்தரவு. அமீனா கடமை தவறாதவர். இருந்த நிலையை அங்கேயே மகஜராக எழுதினார். கொட்டகை பூட்டில்லாமல் உள்ளது. பெயர்ப்பலகை பழைய பெயரில் உள்ளது. கொடி அரைக்கம்பத்தில் உள்ளது. சாட்சிக் கையெழுத்து: நான், ஞானப்பிரகாசம்.

மை காய்வதற்குள் ஞானப்பிரகாசம் அண்ணனின் போன் அடித்தது. கேட்டுக்கொண்டே இருந்தவர் மெதுவாகப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"தலைவர் நல்லா இருக்காவளாம். கண்ணுல புரை ஆபரேசனாம். மருமவ போனை அமத்தி வச்சிருக்கு."

தனசேகர் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அவர் முகத்தில் வந்த நிம்மதி பத்து விநாடிகூட நிற்கவில்லை. "அப்போ என் மேல கேஸ் போட்டது நெசந்தான்" என்றார். பிறகு, "ஏத்துங்கடா கொடியை" என்று கத்தினார்.

நான் கம்பத்துக்கு முன்னால் போய் நின்றேன். "தொடாதீங்கண்ணா."

"இன்னாடா தொடாதீங்க? ஆளு உசுரோட கீறாரு!"

"ஆளு உயிரோட இருக்காருண்ணா. ஆனா கொடி இறங்கிதான் இருக்கு. மகஜர்ல எழுதி கையெழுத்து ஆயிடுச்சி. இப்ப ஏத்தினா கோர்ட் அவமதிப்பு."

அமீனாவைப் பார்த்தோம். அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். "நான் குடுக்கறவன்தாங்க. அர்த்தம் சொல்றவன் இல்ல" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் வக்கீலம்மா போனை எடுத்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"மகஜர்ல யாரு கையெழுத்துப் போட்டது?"

"நான்தாம்மா."

"படிச்சுப் பார்த்தா போட்ட?"

"வரி விடாம படிச்சேம்மா."

"படிக்காம போட்டிருந்தாலாவது ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன்" என்றார். கடைசியில், "தொடாதே. கொடியை மட்டும் ஏத்த அனுமதி கேட்டு மனுப் போடறேன்" என்றார்.

மனுப் போட்டார். எதிர்த் தரப்பு வக்கீலையும் கேட்டுப் பார்த்தார். அவர், "கொடியை நீங்க ஏத்தலாம்னு நாங்க ஒத்துக்கிட்டா, கொடி மேல உங்களுக்கு உரிமை இருக்குன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றார். சரி, நீங்களே வந்து ஏற்றிக்கொள்ளுங்கள் என்று நாங்கள் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அவர்களுக்கு உரிமை இருக்கிறது என்று நாங்கள் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்று தனசேகர் அண்ணன் மறுத்துவிட்டார். எங்கள் மனு அன்றன்றைய பட்டியலில் வரும். எங்கள் நம்பரைக் கூப்பிடுவதற்குள் கோர்ட் எழுந்துவிடும். பாரிமுனையில் பஸ் ஏறி நான் திரும்பி வருவேன். கொடி அப்படியே இருக்கும்.

இப்படித்தான் தீபாவளி வந்தது, போனது. மழைக்காலமும் வந்தது. உயிரோடு இருக்கும் ஒருவருக்காக, அவரே வாங்கிய உத்தரவின்படி, நாங்கள் துக்கம் அனுசரித்துக்கொண்டிருந்தோம்.

முதல் வாரத்தில் பக்கத்துக் கம்பெனி சங்கத்துக்காரர்கள் மாலையோடு வந்தார்கள். யார் இறந்தது என்று கேட்டார்கள். யாரும் இறக்கவில்லை என்றோம். மாலையைத் திரும்ப எடுத்துப் போவது நன்றாக இருக்காது என்று கம்பத்தின் அடியில் வைத்துவிட்டுப் போனார்கள். அதைப் பார்த்து எச்.ஆர். மேனேஜர் ஒரு மலர் வளையம் அனுப்பினார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "எத்தனை நாள் சார் துக்கம்? வாடிக்கையாளர் கம்பெனியிலேர்ந்து ஆடிட்டுக்கு வர்றாங்க, கேட்ல இப்படி இருந்தா ஏதோ விபத்துன்னு நினைப்பாங்க" என்று கெஞ்சினார். எங்கள் வழக்கால் அந்த மனிதர் பட்ட ஒரே கஷ்டம் அதுதான். அதனால் எங்களுக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்.

கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லவேண்டிய வேலை விநாயகம் அண்ணன் தலையில் விழுந்தது. கம்பத்துக்கு நேர் கீழேதான் அவர் வண்டி. கம்பெனி பஸ் ஓட்டுநர் இறங்கி வந்து கேட்பார். ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் நெஞ்சில் கை வைத்துவிட்டு ஜாடையில் கேட்பார்கள். முதலில் நடந்ததை விளக்கிச் சொல்லிப் பார்த்தார். இரண்டு இளநீர் வெட்டி முடித்தும் கேட்டவருக்குப் புரியவில்லை. பிறகு ஆளுக்குத் தகுந்த மாதிரி சொல்ல ஆரம்பித்தார். அவசரத்தில் இருப்பவரிடம் "பெரியவர் ஒருத்தரு" என்பார். நின்று கேட்பவரிடம் "எங்க ஒத்துமை" என்பார். ஒருநாள் என்னைப் பார்த்து, "டேய் கார்த்தி, நான் உள்ள போவாம வெளிய நிக்கறதுக்கு ஒரு கயிறுதான் காரணம்னு வூட்ல சொன்னேன். என் பொண்ணு, அதை அவுத்து வுட வேண்டியதுதானப்பான்னு கேக்குது. இன்னா சொல்லட்டும்?" என்றார்.

நான் சட்டம் பேசினேன். அவர் இளநீரைச் சீவிக்கொண்டே கேட்டார். சீவி முடித்து, "பெயின்ட் ஷாப்புல கன்வேயர் எறக்கிட்டாங்கடா. லாரி உள்ள போனதைப் பார்த்தேன்" என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் உத்தரவை மீறுகிறோமா என்று பார்த்துப் படம் எடுத்து அனுப்ப, தலைமைச் சங்கம் ஞானப்பிரகாசம் அண்ணனை தினம் அனுப்பியது. அவர் ஷிஃப்ட் முடிந்து வருவார், கொடியைப் படம் எடுப்பார், இளநீர் குடிப்பார். முதல் நாள்களில் எங்கள் ஆட்கள் அவரிடம் பேசவில்லை. ரோஸ்லின் அக்கா ஒருநாள், "ஏங்க, தினம் ஒரே படம்தானே? நேத்து எடுத்ததையே அனுப்பிட்டு வூட்டுக்குப் போவக் கூடாதா?" என்று கேட்டார். "அது ஏமாத்தா ஆயிரும்லாம்மா" என்றார் அவர். அன்றிலிருந்து அக்காவுக்கு அவர் மேல் ஒரு மரியாதை.

பிறகு அந்தப் புயல் மழை. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறக்கப்போகிறார்கள் என்று எல்லோரும் போனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த நாள்கள். ஒருநாள் விடிந்ததும் விநாயகம் அண்ணன் கூப்பிட்டார். "கார்த்தி, சீக்கிரம் வா. கொடி இன்னும் எறங்கிடிச்சி."

காற்றில் முடிச்சு நழுவி, கொடி ஒரு ஆள் உயரம் கீழே வந்திருந்தது. தனசேகர் அண்ணன் லுங்கியோடு வந்துவிட்டார். "அவன் வர்றதுக்குள்ள பழைய எடத்துக்கு இழுத்துக் கட்டிடலாம். யாருக்குத் தெரியும்?" என்றார். கயிறு அவர் கையில் இருந்தது.

உங்களுக்கும் இப்படி ஒரு காலை வரும். சுற்றிலும் யாரும் இருக்க மாட்டார்கள். கயிறு கையில் இருக்கும். சரிசெய்வது நியாயமாகவும் இருக்கும். நான் மழையில் நனைந்துகொண்டு யோசித்தேன். நாமே இழுத்துக் கட்டினால் நாளைக்கு "தொட்டீர்களா" என்று கேட்கும்போது ஆம் என்றுதான் சொல்லவேண்டும். பழைய இடம் இதுதான் என்று சொல்ல நம்மைத் தவிர சாட்சியும் கிடையாது. போனை எடுத்து ஞானப்பிரகாசம் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அடப் பாவி, எதிரிக்கே போன் பண்றான் பாரு" என்றார் தனசேகர் அண்ணன்.

ஞானப்பிரகாசம் அண்ணன் குடையோடு வந்தார். கம்பத்தைச் சுற்றி வந்தார். நழுவிய முடிச்சைப் பார்த்தார். போனை எடுத்து, கொடியைப் படம் பிடித்து, எங்கள் கண் முன்னாலேயே தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். நான் கொதித்துப் போனேன்.

"அண்ணே, உங்களை நம்பித்தானே கூப்பிட்டேன்!"

"தம்பி, படம் எடுத்து அனுப்புதது என் வேலை. காத்துதான் இறக்குச்சின்னு கேக்குத இடத்துல சொல்லுததும் என் வேலைதான். ரெண்டையும் செய்வேன். ஒரு இளநி வெட்டச் சொல்லுங்க."

"மழையில எவன் இளநீர் குடிப்பான்" என்று முனகிக்கொண்டே விநாயகம் அண்ணன் வெட்டினார்.

அந்த வாரமே அவமதிப்பு மனு வந்தது. 'கிளையினர் வேண்டுமென்றே கொடியை மேலும் இறக்கி, சங்கத்தை அவமதித்தனர்.' கையெழுத்து, தலைவருடையது. வக்கீலம்மா அதைப் படித்துவிட்டு, இந்த வழக்கில் முதல் தடவையாக உற்சாகமானார். "அவமதிப்பு மனுன்னா பட்டியல்ல முன்னாடி வந்துடும்டா. நம்ம மனு ஏறாத படியை அவங்க மனு ஏறப்போவுது. எல்லாரும் வாங்க. நல்ல சட்டை போட்டுக்கிட்டு வாங்க" என்றார்.

கோர்ட் ஹாலில் நாங்கள் ஒரு ஓரம். பின் வரிசையில் தலைமைச் சங்கத்தின் செயலாளரும் அவர் ஆட்களும். அவர்களுக்கு நடுவில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தலைவர். இரண்டாவது கண்ணிலும் ஆபரேஷன் ஆகியிருந்தது. தனசேகர் அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கும்பிடலாமா வேண்டாமா என்று அவர் கை பாதியில் நின்றது.

எங்களுக்கு அப்போது தெரியாத ஒன்று இருந்தது. தலைவருக்குத் தனக்காகக் கொடி இறங்கிய விஷயமே தெரியாது. உடம்பு சரியில்லாதவரிடம் இதையெல்லாம் சொல்வது அபசகுனம் என்று அவர் ஆட்கள் மறைத்திருந்தார்கள். கண்ணில் கட்டோடு இருந்தவர், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

எதிர்த் தரப்பு வக்கீல் படங்களைக் கொடுத்துப் பேசி முடித்ததும் நீதிபதி கேட்டார். "மேலும் இறக்கினார்கள் என்கிறீர்கள். அப்படியென்றால் ஏற்கெனவே இறங்கி இருந்ததா?"

வக்கீலம்மா எழுந்தார். "ஆமாம், மை லார்ட். அரைக்கம்பத்தில் இருந்தது. மகஜரில் இருக்கிறது."

"ஏன்?"

"துக்கத்துக்காக, மை லார்ட்."

"யாருக்கு?"

வக்கீலம்மா காகிதத்தைப் புரட்டினார். தேவையே இல்லை, ஆனாலும் புரட்டினார். அவர் கறுப்பு கவுனின் தோள் லேசாகக் குலுங்குவதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். "இந்த மனுவைத் தாக்கல் செய்திருப்பவருக்கு, மை லார்ட்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "மனு தாக்கல் செய்தவர் இறந்துவிட்டாரா?"

பின் வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"இல்லீங்க ஐயா. நான் இங்கதான் கீறேன்."

அந்த ஹாலில் வேறு வழக்குக்காக உட்கார்ந்திருந்த வக்கீல்கள்கூட சிரித்துவிட்டார்கள். நீதிபதி மேஜையைத் தட்டினார், ஆனால் அதற்கு முன் கையால் வாயை மூடிக்கொண்டதை எல்லோரும் பார்த்தோம். மகஜரை வாங்கித் தேதியைப் பார்த்தார். காற்றைப் பற்றிக் கேட்டார். எங்கள் பக்கம் சாட்சி இருக்கிறதா என்றார். எதிர்த் தரப்பு வரிசையிலிருந்து ஞானப்பிரகாசம் அண்ணன் எழுந்து, "காத்துதான் ஐயா. நான் அன்னைக்குக் காலையிலேயே பார்த்தேன். யாரும் தொடல. தொட்டிருந்தா எனக்கு போன் பண்ணியிருக்க மாட்டாவ" என்றார். அவர் பக்கத்தில் இருந்த செயலாளர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் பேசி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

அப்போது தலைவர் யாரையும் கேட்காமல் செயலாளரிடம் திரும்பிப் பேசினார். மெதுவாகப் பேசுவதாக அவர் நினைப்பு. மேடையில் பேசிப் பழகிய குரல், ஹால் முழுக்கக் கேட்டது.

"ஏம்பா, நான் செத்துட்டேன்னு சேதி வந்துச்சா?"

"வதந்திங்க தலைவரே."

"ஆபீஸ்ல கொடியை எறக்கினீங்களா?"

"உறுதியாவட்டும்னு இருந்தோங்க."

"மண்ணூர்ல?"

ஞானப்பிரகாசம் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, "நாங்களும் உறுதியாவட்டும்னுதான்" என்றார்.

தலைவர் கறுப்புக் கண்ணாடியை எங்கள் பக்கம் திருப்பினார். "நான் கேஸு போட்டு வெச்சிருக்கற பசங்க மட்டும் உறுதியாவாமலே எறக்கிட்டானுங்களா?"

தனசேகர் அண்ணனுக்குக் கண் நிறைந்துவிட்டது. கோர்ட் என்பதையும் மறந்து, "சண்டை வேற தலைவரே" என்று மட்டும் சொன்னார்.

நீதிபதி மனுவை மூடி வைத்தார். "மதியத்துக்கு மேல் கூப்பிடுகிறேன். அதற்குள் இரண்டு பேரும் வெளியே போய்ப் பேசுங்கள். உயிரோடு இருக்கும்போதே பேசுங்கள்."

வராண்டாவில் எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று எழுத ஆசைதான். தலைவரும் தனசேகர் அண்ணனும் அரை மணி நேரம் அழுது கட்டிப்பிடித்த பிறகு, ஒப்பந்தத்தில் யார் கையெழுத்து மேலே, யாருடையது கீழே என்று மறுபடி சண்டை ஆரம்பித்தது. அதே சண்டை, அதே வார்த்தைகள். இரண்டு பேருடைய வக்கீல்களும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். நான் விநாயகம் அண்ணனைத் தேடினேன். அவர் கொஞ்சம் தள்ளி ஒரு தூணில் சாய்ந்து நின்றிருந்தார். இவ்வளவு நேரம் அவரிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பெயின்ட் ஷாப் திறப்புக்கு அழைப்பிதழ் அடித்துவிட்டார்கள் என்று அன்று காலை பஸ்ஸில்தான் அவர் என்னிடம் சொல்லியிருந்தார்.

அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து இரண்டு பேருக்கும் நடுவில் நிறுத்தினேன். "அண்ணனுக்காகத்தான் இந்த ஒப்பந்தம். மேல கீழன்னு அவருகிட்டயே சொல்லுங்க" என்றேன். விநாயகம் அண்ணன் கூச்சத்தோடு இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார். தலைவர் தனசேகர் அண்ணனைப் பார்த்தார். தனசேகர் அண்ணன் தலைவரைப் பார்த்தார். யார் முதலில் இறங்கி வருவது என்பதில் நின்றது.

ரோஸ்லின் அக்காதான் முடித்துவைத்தார். "தலைவரே, உங்களுக்குக் கொடி எறக்கி, மாலை போட்டு, வளையம் வெச்சி, எல்லா காரியமும் நாங்க செஞ்சாச்சி. கருமாதியும் தாண்டியாச்சி. இப்ப போயி நீங்க மேல கையெழுத்துப் போட்டா, ஆவி போட்ட கையெழுத்து செல்லாதுன்னு அந்த எச்.ஆர். சொல்லுவான். தனசேகர் மேல போடட்டும். நீங்க கீழ இருந்து ஆசீர்வாதம் பண்ணுங்க."

தலைவர் சிரித்த சிரிப்பில் கறுப்புக் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. "சரிம்மா. ஆனா என் கொடியை நான்தான் ஏத்துவேன்" என்றார். கிளை கிளையாகவே தொடரும், நம் கம்பெனி ஒப்பந்தத்தில் நாமே கையெழுத்திடலாம், தலைமை அடியில் ஒப்பமிடும். மதியம் அதையே உத்தரவாக எழுதினார் நீதிபதி.

அந்த மதியம் கொடியை ஏற்றவிடாமல் நான் தடுத்தது சரியா என்று இப்போதும் என்னைக் கேட்கிறார்கள். ஏற்றியிருந்தால் அன்றே அவமதிப்பு வழக்கில் மாட்டியிருப்போம். ஏற்றாததால் வழக்கு பட்டியலிலேயே காத்துக்கிடக்க, விநாயகம் அண்ணன் ஒரு மழைக்காலம் முழுக்க வெளியே நின்றார். எனக்கு விடை தெரியவில்லை. ஒன்று மட்டும் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். உத்தரவு வந்தால் நன்றாகப் படியுங்கள். படித்து முடித்ததும் நிமிர்ந்து, எதிரே யார் வண்டி தள்ளிக்கொண்டு நிற்கிறார் என்றும் பாருங்கள்.

கொடியேற்றம் பொங்கல் கழிந்து ஒரு வேலைநாள் காலையில். தலைவருக்கு அன்று சாயங்காலம் கண் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பதால் கூட்டம் சேரும்வரை காத்திருக்கவில்லை. அவர் கயிற்றைப் பிடித்து இழுத்தார். கொடி அசையவில்லை. தனசேகர் அண்ணன் சேர்ந்து இழுத்தார். மழையில் உச்சியிலிருந்த கப்பி துருப்பிடித்து இறுகிவிட்டிருந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்ததும் கயிறு அறுந்து, கொடி தலைவர் தலை மேலேயே விழுந்தது. "சாவாம வுட மாட்டானுங்க போலகீது" என்றார் கொடிக்குள்ளிருந்து. கடைசியில் பக்கத்துக் கட்டட வேலையிலிருந்து ஆளைத் தூக்கிவிடும் லிஃப்ட் வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கப்பியை மாற்றினோம்.

கொடி உச்சிக்குப் போனபோது கீழே இருந்தவர்கள்: தலைவர், தனசேகர் அண்ணன், ரோஸ்லின் அக்கா, கடைசியாக ஒரு படம் எடுத்துக்கொண்ட ஞானப்பிரகாசம் அண்ணன், அவரோடு வந்த மண்ணூர்த் தோழர்கள் மூவர், லிஃப்ட் வண்டி ஓட்டுநர், நான். இல்லாதவர்: விநாயகம் அண்ணன். ஏ ஷிஃப்ட்டில், புது பெயின்ட் ஷாப்பில் இருந்தார்.

கோர்ட் செலவு அவரவருடையது என்று உத்தரவிலேயே இருக்கிறது. கொடிக்கு மட்டும் ஆனது: கயிறு நானூற்றைம்பது, கப்பி முந்நூற்றெண்பது, லிஃப்ட் வண்டி அரை நாள் வாடகை நாலாயிரத்து ஐந்நூறு. இளநீர் ஒன்பது, கேட்டுக்கு எதிரே இப்போது வண்டி போட்டிருப்பவர் நமக்குப் பழக்கமில்லாதவர், காசு கேட்டு வாங்கிக்கொண்டார், நானூற்றைம்பது. மொத்தம் ஐயாயிரத்து எழுநூற்று எண்பது ரூபாய். தலைமை பாதி, கிளை பாதி.